மூச்சை அடக்கி ஊதிய தூசி

12.3.2025, புதன்.

நேற்று இதே நோட்டில் தவறாக எழுதிவிட்டேன். என் கணவர் நேசக்குமார் படகுப் பட்டறையில் பழைய பெயின்டைத் தேய்த்தெடுப்பவர். பிள்ளையைத் தூக்குமுன் தூசி போகட்டும் என்று, கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதிவிட்டு வருவார். அது நல்ல பழக்கம் என்று எழுதியிருந்தேன்.

அந்தப் பெயின்டில் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்கள் இருக்கலாம், ஊதினால் மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகலாம் என்று இன்று மாலை பட்டறைக் குடும்பங்களுக்கான பாதுகாப்பு வகுப்பில் சொன்னார்கள். அவர் வேலை முடிந்து வாசலுக்கு வந்ததும் சொன்னேன்.

“ஏளா, மூச்ச அடக்கிக்கிட்டுத்தான் ஊதுதேன்.”

“முத்துக் குளிக்கவா போறீங்க?”

சிரித்தார். ஆனால் பிள்ளை கை நீட்டியும் தொடாமல் வாசலிலேயே நின்றார். சட்டையை உதறாமல் வாளித் தண்ணீரில் முக்கச் சொன்னேன். குளித்துவிட்டு வந்து தூக்கினார்.

நாளை சாப்பாட்டுப் பையில் மாற்றுச் சட்டை வைக்க வேண்டும். சரியான முகமூடிக்கு மேஸ்திரியிடம் நானே பேச வேண்டும்.