ஒரே டேங்கில் இரண்டு பயம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. இன்று வந்த இரண்டு போன்களில் அதுவாகவே வந்து விழுந்தது. நான் செய்ததெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான்.

2

முதல் வரி: ‘வேனின் வயிற்றுக்குள் தண்ணீர் தூங்கிக்கொண்டிருந்தது.’ (தண்ணீராவது தூங்குவதாவது. அடித்துவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். அக்காவுக்குச் சிறுநீரகம் மாற்றி எட்டு மாதம் ஆகிறது. கிருமி என்றால் ஆகாது. படுக்கை, அடுப்பு, குழாய் எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய வேனில் நாளைக் காலை அவளும் மாமாவும் கிளம்புகிறார்கள்.

"பழையபடி நம்ம வேன் குழாயில பிடிச்சுக் குடிக்கணும். அது ஒத்துவரலன்னா வண்டியே வேண்டாம், வித்துடலாம்" என்று சொல்லிவிட்டாள்.

3

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். காலையில் மாமா கூப்பிட்டு, வேனின் தண்ணீர் டேங்க்கை எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டார். சொன்னேன்: பிளீச் கலந்து நிரப்பி, எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை திறந்துவிட்டு, நாலு மணி நேரம் ஊறவிட்டு, வடித்து, வாடை போகும்வரை அலச வேண்டும்.*

"அக்காகிட்ட சொல்லிடாத. நான் பயப்படறேன்னு தெரிஞ்சா அவ பயந்துடுவா."

அவளுக்குத் தெரியாமலே எல்லாம் முடித்து, புதுத் தண்ணீரும் நிரப்பிவிட்டதாகப் பிற்பகலில் செய்தி அனுப்பினார். சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

"டேய், டேங்க் ரொம்பிக் கிடக்கு. போன வருஷத் தண்ணி! உங்க மாமா வடிக்கவே இல்ல. அதுலயே பிளீச் ஊத்திட்டேன். விடியறதுக்குள்ள எழுந்து அலசிடறேன். அவர்கிட்ட மூச்சு விடாத. நான் பயப்படறேன்னு தெரிஞ்சா மனுஷன் பயணத்தையே நிறுத்திடுவாரு."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு ரகசியம், ஒரே டேங்க், கதை கையில். கதை எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்? இப்போது வெட்கமாக இருக்கிறது.

(* அலசும் இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் பாதியில் விடுவார்கள். மாமா ஐந்து முறை அலசியிருக்கிறார்.)

4

முடிவு ஒன்று: அக்கா முந்தி எழுந்து வடித்துவிடுகிறாள். (மாத்திரை போட்டுக்கொண்டு அவள் எட்டு மணிக்கு முன் எழுந்ததே இல்லை.)

முடிவு இரண்டு: மாமா விடிகாலையிலேயே எழுந்து, அவளுக்குக் கொடுக்கும் முன் தானே ஒரு வாய் குடித்துப் பார்க்கிறார். பிளீச்! ஐந்து முறை அலசியும் போகவில்லையே, இந்த டேங்க் இனி உதவாது என்று வேனைப் பூட்டிவிட்டு வருகிறார். அக்கா எழுந்து பார்க்கும்போது சாவி ஆணியில் தொங்க, மாமா எதிரே உட்கார்ந்து

இல்லை. இந்த வரியை முடிக்க மாட்டேன்.

5

கதை போனால் போகட்டும். அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டேன். மணி அடிக்கிறது. யார் எடுப்பார்கள், எடுத்ததும் என்னைத் திட்டுவார்களா, அழுவார்களா என்பதெல்லாம் உங்கள் பாடு. நான் சொல்லப்போவது மட்டும் எனக்குத் தெரியும்:

"ஸ்பீக்கர்ல போடுங்க. ரெண்டு பேரும் தனித்தனியா பயந்தது போதும். வாளியை எடுத்துக்கிட்டு வேனுக்குப் போங்க, சேர்ந்தே பயப்படுங்க."