வெர்லினின் விமானத்துக்கு எந்த இக்னிஷன்?

மனித வரலாற்றை மூன்று நெருப்புப் பொறிகள் மாற்றி எழுதின. முதலாவது, குகை வாசலில் யாரோ இரண்டு கற்களை உரசியபோது பிறந்தது. இரண்டாவது, ஓர் எஞ்சினின் வயிற்றுக்குள் பெட்ரோல் ஆவியைத் தொட்டு மனிதனைச் சக்கரத்தில் ஏற்றியது. மூன்றாவது, அமெரிக்காவின் விஸ்கான்சினில் வெர்லின் தோர்சன் தன் கையாலேயே கட்டிய விமானத்தில் பிறந்திருக்க வேண்டும். எந்த இக்னிஷன் வாங்குவது என்று அவர் இன்னும் முடிவு செய்யாததால், மூன்று வருடமாக அது பிறக்காமலே இருந்தது.

மற்றபடி விமானம் தயார். கட்டி முடிக்கப் பதினொரு வருடம் ஆனது. இறக்கைத் தகடுகளைச் சேர்க்க மட்டும் எட்டாயிரம் ரிவெட் ஆணி. வெளிப்பக்கத்திலிருந்து வெர்லின் அடிக்க, உள்பக்கத்தில் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்துப் பிடித்தவர் அவர் மனைவி மார்லிஸ். இரண்டே இருக்கை. அதற்கு உறை தைத்ததும் மார்லிஸ்தான். கொட்டகையில் வெண்ணெய் நிறத்தில் பளபளவென்று நின்ற அந்த விமானத்துக்கு இறக்கை இருந்தது, வால் இருந்தது, எஞ்சின் இருந்தது. எஞ்சினைப் பற்றவைக்கத்தான் ஒன்றுமில்லை.

வெர்லின் சீஸ் ஆலையில் முப்பத்து நான்கு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர். "இதை வெளியே விடக்கூடாது" என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் ஓய்வு பெறவில்லை.

மார்லிஸின் அக்கா ஆர்டிஸ் மிச்சிகன் ஏரியில் ஒரு தீவில் இருக்கிறார். அங்கே போவதென்றால் படகு. படகு என்றால் மார்லிஸுக்கு வாந்தி. போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை, கடிகாரம் போல. "விமானம் முடியட்டும். இருபதே நிமிஷம், அலுங்காம கொண்டுபோய் இறக்கிடறேன்" என்று முதல் ரிவெட் அடித்த அன்றே வெர்லின் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கப்புறம் மார்லிஸ் பதினான்கு தடவை படகில் போய்வந்துவிட்டார்.

சங்கடம் இதுதான். எஞ்சினில் நாலு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஒரு வரிசை செத்தாலும் மற்ற வரிசை வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த பிளக்குகளுக்குப் பொறி கொடுக்க இரண்டு வழி. பழைய வழி மேக்னெட்டோ: எஞ்சின் சுற்றுகிற வரை தானே பொறி தரும், பாட்டரி வேண்டாம், ஆனால் தேய்ந்துகொண்டே இருக்கும். புதிய வழி எலக்ட்ரானிக்: கைக்கடக்கமான பெட்டி, எப்போது பொறி தர வேண்டும் என்று அதுவே கணக்குப் போடும், பெட்ரோல் மிச்சம், குளிரிலும் சட்டென்று கிளம்பும். மின்சாரம் போனால் அதுவும் போயிற்று.

சனிக்கிழமைதோறும் விமானம் கட்டுவோர் சங்கத்தில் பான்கேக் காலையுணவு. அங்கே இரண்டு கட்சி. மேக்னெட்டோ கட்சிக்குத் தலைவர் ஹால்வர் குவிஸ்ட், பெரிய விமானங்கள் ஓட்டி ஓய்வு பெற்ற கேப்டன். சிரப் பாட்டிலைக் கேட்பதானாலும் முந்நூறு பயணிகளுக்கு அறிவிப்பது போலத்தான் கேட்பார். எலக்ட்ரானிக் கட்சிக்கு லைல் டெம்ப்ஸ்கி, டெலிபோன் கம்பெனியில் என்ஜினியராக இருந்தவர்.

"யோவ் வெர்லின், ஆகாசத்துல கரண்ட் போச்சுன்னா லைலோட பெட்டி வெறும் டிபன் டப்பாய்யா" என்றார் கேப்டன்.

"ரெண்டாவது பாட்டரி வெப்பேன் கேப்டன்" என்றார் லைல்.

"அதுவும் போச்சுன்னா?"

"மூணாவது."

"அப்ப நீ ஓட்டறது விமானமா, பாட்டரி கடையா?"

"உங்க மேக்னெட்டோ மட்டும் என்னவாம்? ஐந்நூறு மணி நேரம் ஓடினா ஒரு தடவை பிரிச்சு மேயணும். அது எங்க தாத்தா டிராக்டர்ல இருந்த சாமான்."

"உங்க தாத்தா டிராக்டர் வானத்துலேர்ந்து விழுந்துச்சா? இல்லையே!"

கட்சிக்காரர்கள் முள்கரண்டியால் தட்டைத் தட்டி ஆதரவு தெரிவித்தார்கள். லைலின் விமானத்துக்கு இன்னும் எஞ்சினே வாங்கவில்லை என்பதும், கேப்டனிடம் சொந்தமாக விமானமே இல்லை என்பதும் விவாதத்தின் சூட்டை எந்த வகையிலும் குறைக்கவில்லை.

வெர்லின் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எடை, வெப்பம், ஆயுள், வயரின் கனம், யாருக்கு எங்கே எப்போது எது நின்றுபோனது எல்லாம் கட்டம் கட்டி, மூன்று நிற மையில். கோப்பு இருநூற்றுப் பதினாறு பக்கத்தைத் தொட்டது.

பிப்ரவரியில் ஒரு மதியம் மார்லிஸ் காப்பி பிளாஸ்க்கோடு கொட்டகைக்குள் வந்தார். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியை உதறினார்.

"ஆர்டிஸ் லெட்டர் போட்டிருக்கா. செப்டம்பர்ல அவளுக்கு எழுபது."

"போயிடலாம்."

"எதுல?"

வெர்லின் கோப்பைத் திறந்தார். "லைல் என்ன சொல்றான்னா..."

"லைல் சொல்றது எனக்கு வேண்டாம். படகுதான்னா இப்பவே சொல்லிடு, மாத்திரை வாங்கி வெச்சுக்கறேன்."

"மேக்னெட்டோ தேயும். எலக்ட்ரானிக்ல கரண்ட் போனா..."

"ரெண்டு வரிசை பிளக் இருக்குல்ல? இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு போட்டுத் தொலையேன்."

"அது நாப்பத்தோராம் பக்கத்துலயே இருக்கு. அதுக்குத்தான் மார்க்கும் அதிகம்."

"அப்ப மிச்சப் பக்கமெல்லாம் எதுக்கு?"

வெர்லின் பேனா மூடியைத் திருகினார். அது திருகு மூடி இல்லை.

மார்லிஸ் தலைகீழாகக் கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். "இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினேன். இதே குளிர்ல, அம்பது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு. தினம் பஸ்ஸைச் சுத்தி ஒரு நடை நடந்து பாப்பேன், ஏறுவேன், கிளப்புவேன். பயமா இருக்கான்னு நீ ஒரு நாளாவது கேட்டியா?"

"பயமா இருந்துச்சா?"

"தினமும்."

ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. வெர்லின் கோப்பை மூடினார். "நான் மட்டும் போறதுன்னா நாளைக்கே போயிடுவேன் மார்லிஸ். பக்கத்து சீட்ல நீ உக்காருவ. அதான்."

இருநூற்றுப் பதினாறு பக்கத்தில் எங்கேயும் இல்லாத விஷயம் இது. மார்லிஸ் பிளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றி, தான் ஒரு வாய் குடித்துவிட்டு அவரிடம் நீட்டினார்.

"அந்த சீட்டுக்கு உறை தைச்சது நான். வேற எவளையாவது உக்கார வெச்சுப் பாரு."

அன்று சாயங்காலமே மேக்னெட்டோ ஒன்றுக்கும் எலக்ட்ரானிக் ஒன்றுக்கும் ஆர்டர் போனது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை எஞ்சினை முதன்முதலாகக் கிளப்புவது என்று நாள் குறித்தார்கள். விமானத்தை வெளியே தள்ளி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வாலைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். கட்சி வேறுபாடு பாராமல் சங்கமே மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்தது. கேப்டன் "சுருக்கமாக இரண்டு வார்த்தை" என்று ஆரம்பித்துப் பதினான்கு நிமிடம் பேசினார். வெர்லின் தானே எழுதிய அறுபத்தோரு அம்சப் பட்டியலை ஒவ்வொன்றாக டிக் செய்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, "தள்ளி நில்லுங்க!" என்று கத்திவிட்டு ஸ்டார்ட்டரை அமுக்கினார்.

இரண்டு சுற்று. ஒரு தும்மல். பிடித்துக்கொண்டது.

வெர்லினுக்குக் கண் கலங்கியது. பெட்ரோல் புகை என்று பிறகு சொன்னார்.

லைல் கண்ணை மூடிக்கொண்டு, கையை ஆட்டினார். "கேக்குதா? பட்டு! பட்டு மாதிரி! ஒவ்வொரு பொறிக்கும் கம்ப்யூட்டர் யோசிச்சு யோசிச்சுக் குடுக்குது பாருங்க!"

"எனக்கு அடியில ஒரு உதறல் கேக்குது" என்று கேப்டன் சத்தத்துக்கு மேல் கத்தினார். "பாவம் மேக்னெட்டோ தம் கட்டி இழுக்குது. உன் பெட்டி குறுக்க நின்னு தொல்லை பண்ணுது!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பட்டு என்றவர்களுக்குப் பட்டாகவே கேட்டது; உதறல் என்றவர்களுக்கு உதறியது. மூன்று நிமிடம் ஆனதும் லைல் சைகை காட்டினார்: மேக்னெட்டோவை அணை, எலக்ட்ரானிக்கை மட்டும் கேட்கட்டும் ஜனங்கள். வெர்லின் மேக்னெட்டோ சுவிட்சைக் கீழே தட்டினார்.

எஞ்சின் நின்றது. புரொபெல்லர் ஒரு அரைச் சுற்று சுற்றி அசைவற்று நின்றது. எங்கோ வயலில் ஒரு கொக்கு கத்தியது.

அடுத்த முக்கால் மணி நேரம் விஞ்ஞானத்துக்கு ஒதுக்கப்பட்டது. சென்சார் என்றார் ஒருவர், எர்த் சரியில்லை என்றார் இன்னொருவர். லைல் லேப்டாப்பைத் திறந்து, மென்பொருளின் முந்தைய பதிப்புக்குத் திரும்ப வேண்டும் என்றார். வெர்லின் இறக்கையில் சாய்ந்து, மனதுக்குள் இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தைத் திறந்தார். செப்டம்பர் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

யாரும் கூப்பிடாமலே மார்லிஸ் எழுந்து விமானத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார், பஸ்ஸைச் சுற்றுவது போல. எஞ்சினுக்குப் பின்னால் குனிந்தார்.

"வெர்லின், இது என் தையல் பெட்டி ரிப்பன்தானே?"

சிவப்பு ரிப்பன் கட்டிய வயர் ஒன்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எலக்ட்ரானிக் பெட்டிக்கு மின்சாரம் போகிற வயர். ஆட்கள் புரொபெல்லர் பக்கத்தில் நிற்கும்போது தவறிக் கிளம்பிவிடக்கூடாது என்று வெர்லினே கழற்றியது. "வயரைக் கழற்று, சிவப்பு ரிப்பன் கட்டு" என்று பட்டியலில் நாலாவது அம்சம். திரும்ப மாட்டு என்று அறுபத்தோரு அம்சத்தில் எங்கேயும் இல்லை. முப்பத்து நான்கு வருடம் நிறுத்திவைத்தே பழகிய கை, நிறுத்துவதை எழுதியது, விடுவதை மறந்துவிட்டது.

லைல் லேப்டாப்பை மெல்ல மூடினார்.

"மேக்னெட்டோதான் தம் கட்டி இழுக்குதுன்னு நான் அப்பவே சொல்லல?" என்றார் கேப்டன்.

மார்லிஸ் வயரை மாட்டிவிட்டு ரிப்பனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடி கிளப்பியபோது எஞ்சின் இரண்டு பொறியிலும் ஓடியது, ஒவ்வொன்றில் தனித்தனியாகவும் ஓடியது. அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் எந்தக் கருத்தும் சொல்லவில்லை.

முதல் நாற்பது மணி நேரம் தனியாகத்தான் பறக்க வேண்டும் என்பது விதி. வெர்லின் கோடை முழுக்கத் தனியாகப் பறந்தார். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ஓடுபாதை ஓரத்தில் மார்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். நாற்பதாவது மணியில் ஸ்வெட்டர் முடிந்தது. ஆர்டிஸுக்குப் பரிசு.

செப்டம்பரில் அந்த நாள் பளிச்சென்று விடிந்தது. அதற்குள் விமானத்தில் எல்லாமே இரண்டு இரண்டாக ஆகியிருந்தது. இரண்டு இக்னிஷன், இரண்டு பாட்டரி, இரண்டு ரேடியோ, இரண்டு திசைகாட்டி, இரண்டு தீயணைப்பான், இரண்டு மிதவைச் சட்டை. ஒன்று கைவிட்டால் இன்னொன்று.

கரை மறைந்து கீழே தண்ணீர் மட்டுமே தெரிந்தபோது வெர்லினின் காது நீண்டது.

"கேட்டுச்சா?"

"என்னது?"

"எஞ்சின். ஒரு உதறல்."

"எஞ்சின் நல்லாத்தான் ஓடுது. உதறறது உன் கை" என்றார் மார்லிஸ். எஞ்சின் வேகக் குமிழைப் பிடித்திருந்த அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். உதறல் நின்றது. வெர்லின் பக்கத்து சீட்டை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். உறையின் தையல் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

தீவு வந்தது. வெயிலில் சூடாகி மேலெழும்பிய காற்று விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. புல் ஓடுபாதையின் முனையில் ஆர்டிஸ் பாத்திரம் துடைக்கிற துணியை ஆட்டிக்கொண்டு நின்றது தெரிந்தது.

"வெர்லின், பை ஏதாவது வெச்சிருக்கியா?"

இருந்தது. எலக்ட்ரானிக் இக்னிஷனின் விளக்கப் புத்தகம் வந்த பிளாஸ்டிக் பை. விமானத்தில் எல்லாம் இரண்டு. பை மட்டும் ஒன்று.

படகில் போகும்போது மார்லிஸ் எப்போதும் ஒரு முறைதான் வாந்தி எடுப்பார். அன்றைக்கு இரண்டு முறை எடுத்தார்.