கைகுலுக்கும் வரிசையில் அப்பா

வரிசையில் அப்பா நிற்பதைச் சினாட்சு பார்த்துவிட்டாள்.

செத்துப்போன அப்பா. ஜப்பானே அப்படித்தான் நம்புகிறது. அவளை மாடலாக்கிய மேனேஜர் இகராஷிதான் அவரைக் கொன்றான்.

"அழகான பொண்ணுங்க டோக்கியோவுல தெருவுக்குத் தெரு இருக்காங்க. உனக்குன்னு ஒரு கதை வேணும்" என்று சொல்லி, அந்தப் படுபாவி மீனவரான அவள் அப்பாவைக் கதையில் கடலில் மூழ்கடித்தான். செத்த அப்பாவைக் கூப்பிடும் பாட்டு ஒன்றையும் அவளைப் பாட வைத்தான். பாட்டு பற்றிக்கொண்டது. பத்திரிகை அட்டை, விளம்பரம், டிவி எல்லாம் வீடு தேடி வந்தன. அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

"உனக்கு நல்லதுன்னா இருந்துட்டுப் போகட்டும்மா" என்றார் அப்பா போனில். நிருபர்கள் மோப்பம் பிடிக்கக் கூடாதென்று சொந்த ஊரான அவோமோரியில் படகை விற்றுவிட்டு, வடக்கே ஹொக்கைடோ தீவில் ஏதோ மீன் ஆலைக்குப் போனார். போன் நம்பரையும் மாற்றிவிட்டார்; புது நம்பர் அவளுக்கே தெரியாது.

இன்று அவரும் அவளுடைய பாட்டுத்தட்டை வாங்கியிருக்கிறார். தட்டோடு ஒரு சீட்டு வரும்; சீட்டைக் கொடுத்தால் அவளோடு கைகுலுக்கலாம். நாலு வார்த்தை பேசுவதற்குள் ஊழியர் ரசிகரின் தோளைப் பிடித்து நகர்த்திவிடுவார். இதற்காகவே சினாட்சுவைக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பழக்கியிருந்தார்கள். முதலில் நன்றி வாசகம், பிறகு சிரிப்பு. தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள்.

வரிசை நகர்ந்தது. 'அப்பா' என்று கூப்பிட்டுவிட வேண்டும். இகராஷி குதித்தால் குதிக்கட்டும், பேர் நாறினால் நாறட்டும். ஒவ்வொரு கையாகக் குலுக்கிக்கொண்டே அந்த ஒரு சொல்லை நாக்கிலேயே வைத்திருந்தாள்.

அவர் கை வந்தது. வலை அறுத்த தழும்பு அப்படியே இருந்தது. சதைதான் இல்லை.

"நாளைக்கு எனக்கு ஆபரேஷன்ங்க" என்றார் அப்பா, குனிந்து வணங்கி. "டாக்டர் உறுதியா ஒண்ணும் சொல்லல. அதான், அதுக்கு முன்னால உங்களை ஒரு தடவை பார்த்துடலாம்னு."

சினாட்சு வாயைத் திறந்தாள்.

"வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க! அடுத்த தடவையும் கண்டிப்பா வரணும்!"

தலையைச் சாய்த்து, கன்னத்தில் குழி விழச் சிரித்தும்விட்டாள்.

அப்பாவும் சிரித்தார். "வர்றேங்க" என்றார்.

"நகருங்க சார், நகருங்க" என்று ஊழியர் அவர் தோளைப் பிடித்தார்.

அப்போதுதான் கண்ணீர் கொட்டியது. அடுத்து வந்த பள்ளிக்கூடப் பெண் பதறிப்போனாள். "ஐயோ, அழாதீங்க அக்கா! அப்பா ஞாபகம் வந்துடுச்சா? அவர் மேலேருந்து உங்களைப் பார்த்துக்கிட்டுத்தான் இருப்பாரு."

அப்பா இன்னும் வாசலைத் தாண்டவில்லை. அவருக்கும் கேட்டிருக்கும்.

"ஆமா" என்றாள் சினாட்சு.

பின்னாலிருந்து இகராஷி காதருகே குனிந்தான். "பிரமாதம்! நாளைக்கு டிவியிலயும் இதே மாதிரி அழுதுடு."

நாளைக்கு. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லையே! எட்டிப் பார்த்தாள். வாசலில் ஒரே கூட்டம், அவரைக் காணவில்லை. அடுத்த கை நீண்டது. அவள் சிரித்தாள்.