ஆட்டுக்குட்டி மணி

வெள்ளைத் தலைத்துணியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக ஆனஸ் நின்றிருந்தபோது, அவள் கணவனின் தம்பி ரோலண்ட் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். இந்த வருடம் கோவில் காரியங்களைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். அடுப்பருகே போய்க் கைகளை நீட்டிக் காய்ந்துகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அண்ணி, நீங்க வர வேணாம். மில்லுக்காரன்கிட்ட சொல்லிட்டேன். மணியை அவன் அடிச்சுடுவான்."

"இந்த வருஷம் யார் வீட்டு முறை?"

"நம்ம முறைதான். ஆனா..."

"அப்ப அவனுக்கு அங்க என்ன வேலை?"

அடுப்புக்கல்லின் மேல் ஓட்ஸ் ரொட்டி கருகும் வாசனை வந்தது. இருவருமே அதைத் திருப்பிப் போடவில்லை.

ஹாக்ஸ்கில் ஊரில் கோவில் மணிக்கயிறு ஆறு வீடுகளைச் சுற்றி வரும். ஒரு வருடம் ஒரு வீடு. சாவானாலும் கல்யாணமானாலும் அந்த வீட்டுக் கைதான் இழுக்க வேண்டும். இழுக்க முடியாமல் போன வீட்டை முறையிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு அது ஊரில் வெறும் கூரை. பழைய கத்தோலிக்கப் பூசைக்காக வடக்குப் பிரபுக்கள் அரசியை எதிர்த்து எழுந்த அந்தக் குளிர்காலத்தில் முறை ஆனஸின் கணவன் நினியனுடையது. பிரபுக்களின் குதிரைக்காரர்கள் வந்து மணியை அடி என்றார்கள். அடித்தான். அவனுக்குப் பழைய பூசையும் ஒன்றுதான், அரசியின் புதிய ஜெபப் புத்தகமும் ஒன்றுதான். அவன் முறை, அவ்வளவுதான். கலகம் அடங்கியதும் அரசியின் ஆட்கள் ஊர்ப் புல்வெளியில் அவனைத் தூக்கிலிட்டார்கள். பெரிய மணிகளை இறக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிகச் சின்னதை மட்டும் விட்டுவைத்தார்கள். ஊர் அதற்கு ஆட்டுக்குட்டி என்று பேர் வைத்தது.

சுற்று முடிந்து முறை மறுபடி அவள் வாசலுக்கு வந்திருந்தது. இன்று அரசி அரியணை ஏறியதன் ஆண்டு நாள். ஒவ்வொரு ஊரிலும் மணி ஒலித்தாக வேண்டும். ஒலிக்காவிட்டால் மேலே சொல்லிவிடுவார்கள், ஆட்டுக்குட்டியும் போய்விடும்.

தூங்காத இரவுகளில் ஆனஸ் இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். இழுத்தால், நினியனைக் கொன்றவளுக்காக இழுப்பதாகும். இழுக்காவிட்டால், தூக்கில் போனவன் வீட்டில் கை இல்லை என்றாகிவிடும். இரண்டில் எது அவனுக்கு அதிக அவமானம் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நினியன் உயிரோடிருந்தபோதும் சட்டென்று பதில் சொல்கிறவன் இல்லை.

தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். "ரொட்டி கருகுது, எடுத்துச் சாப்பிடு," என்று ரோலண்டிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

புல்வெளியில் விழாத் தீ மூட்ட விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பீர் காய்ச்சும் சிபில் பீப்பாய்மேல் சாய்ந்தபடி குரல் கொடுத்தாள். "ஏண்டி ஆனஸ், ராணியம்மாவுக்கு நீயா அடிக்கப்போற? உனக்கு ரோஷமே இல்லையாடி?"

"இருக்குடி. அதான் போறேன். என் பங்கு பீர்ல தண்ணி ஊத்தாம வை."

ஆண்கள் சிரித்தார்கள். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டதுபோல் விறகுப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கோவிலுக்குள் சுண்ணாம்பு அடித்த சுவர்கள் குளிர்ந்து கிடந்தன. மில்லுக்காரன் ஏற்கெனவே கயிற்றைப் பிடித்திருந்தான். அவள் கையை நீட்டினாள். அவன் அருகில் நின்ற போதகர் லஷரைப் பார்த்தான். தெற்கிலிருந்து வந்தவர் அவர், அதிகம் பேசமாட்டார். தலையசைத்தார். கயிறு கை மாறியது.

முதல் இழுப்பில் அவள் உடம்பு முழுவதும் மேலே போய் வந்தது. பிறகு கயிறு அவளோடு பழகிக்கொண்டது. அரசிக்காக இழுத்தாள். ஒரு அடிகூடக் குறைக்காமல், யாரும் குறை சொல்ல முடியாதபடி இழுத்தாள். உள்ளங்கை எரிந்தது. வாசலில் ஊர் கூடியது. ஆட்டுக்குட்டியின் சத்தம் இவ்வளவு தூரம் போகும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

"போதும்மா," என்றார் லஷர். "ரொம்ப நல்லா அடிச்சீங்க."

மணி ஓய்ந்தது. அவள் கயிற்றை விடவில்லை. மூச்சு அடங்கும்வரை நின்றாள்.

பிறகு மூன்று அடித்தாள். நிறுத்தினாள்.

வாசலில் பேச்சு அறுந்தது. செத்தவன் ஆண் என்றால் மூன்று மூன்றாக மூன்று முறை அடிப்பார்கள். அதன்பின் அவன் வயதுக்கு ஒன்றொன்றாக. தூக்கில் போனவனுக்கு அன்று அந்த மணி அடிக்க விடவில்லை.

மறுபடி மூன்று.

"அண்ணி," என்றான் அவள் பின்னாலேயே வந்திருந்த ரோலண்ட். "அண்ணி, வேணாம்."

லஷர் அருகே வந்தார். "அரசியாரோட நாள்ல இது யாருக்கும்மா?"

"போன தடவை முறைக்காரருக்குங்க."

லஷரின் கை உயர்ந்து, அவள் கைகளுக்கு மேலே கயிற்றின்மேல் படிந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. கடைசி மூன்றையும் அடித்தாள். வெளியே யாரோ தொப்பியைக் கழற்றினார்கள். பிறகு எல்லோரும் கழற்றினார்கள்.

வயதுக்கான முதல் அடிக்கு அவள் இழுத்தாள். கயிறு போதகரின் விரல்களுக்கிடையே கீழே இறங்கியது, மேலே ஏறியது. அதை நிறுத்த அந்த விரல்கள் இன்னும் மூடவில்லை.