பதினோரு நிமிட வெளிச்சம்

“கழட்டு அந்த டார்ச்சை.”

“கழட்டினா நீங்க சொல்றதை ஒத்துக்கிட்ட மாதிரி—”

“ஊரே பாக்குது. நீ எந்த வழியா வந்தே, எங்க நின்னே—”

“பாக்கட்டுமே, ரோட்டுலதானே வந்தேன்—”

“நான் பேசிட்டிருக்கேன்ல.”

“நானும்தான் பேசிட்டிருக்கேன்.”

இப்படிக் கணவனும் மனைவியும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை மாலையில், லேபிள்காரியின் சைக்கிளிலிருந்து ரோட்டில் விழுந்த வெளிச்சம் நான்கு நாளாக அணையாமல் கிடந்தது. மருந்துத் தொழிற்சாலையின் கேட்டில் ஆரம்பித்து, மரக்கடைகளைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கி, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டித் திரும்பி, அவர்கள் வீட்டு வாசற்படி வரைக்கும் ஒரு சாண் அகலத்தில் வெள்ளைக் கோடாக வந்து நின்றிருந்தது. டார்ச் என்னவோ அணைந்துதான் இருந்தது. அதைத் தட்டிப் பார்த்தார்கள், சார்ஜ் இறங்கும்வரை எரியவிட்டும் பார்த்தார்கள். ரோட்டில் விழுந்தது விழுந்ததுதான். பகலில் பழைய சுண்ணாம்புக் கோடு போல மங்கலாக இருக்கும், வெயில் இறங்கியதும் தெளிந்துவிடும். மழை ஒரு முறை பெய்தது. கோட்டின் மேல் தண்ணீர் ஓடியது, அவ்வளவுதான்.

இருமல் மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் பிரிவில் வேலை என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கணவர் கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்ப்பவர், அவரை எல்லோரும் கடிகாரக்காரர் என்றார்கள். அவளுடைய சைக்கிளில் முன்பு டைனமோ விளக்கு இருந்தது. டயரில் உரசி உரசி, ஏதோ ஆளை வைத்து மிதிப்பது போலக் கனக்கும். ஒரு மழைக்காலத்தோடு அது போய்ச் சேர்ந்தது. விளக்கில்லாமல் வந்தவளைப் போக்குவரத்துக் காவலர் இரண்டு முறை நிறுத்தி எச்சரித்தார். மூன்றாம் முறைக்குக் காத்திராமல் அவள் சமையலறை அலமாரியிலிருந்து, கரண்ட் போனால் எடுப்பதற்காக வைத்திருந்த எல்.இ.டி. டார்ச்சை எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனாள். உள்ளங்கை நீளம், கறுப்பு நிறம், பின்பக்கம் பட்டன். ஒரு தடவை அழுத்தினால் பிரகாசம், இரண்டு தடவை அழுத்தினால் மங்கல், மூன்றாம் தடவை மினுக்கும்.

“இது கையில புடிக்கிற சாமான்மா. சைக்கிளுக்குன்னு தனியா லைட் வருது” என்றார் கடைக்காரர்.

“கை ஹேண்டில்பார்லதான் இருக்கப்போகுது. டார்ச் கைக்குப் பக்கத்துல இருக்கட்டும். கட்டுங்க.”

அவர் பழைய டியூபிலிருந்து ஒரு பட்டை வெட்டி, குறுக்கும் மறுக்குமாக நாலு சுற்று சுற்றி இழுத்துக் கட்டிக் கொடுத்தார். முதல் நாள் டார்ச் மட்டமாக நின்றதால் வெளிச்சம் எதிரே வந்தவர்கள் முகத்தில் அடித்தது. பலர் கண்ணை மறைத்துக்கொண்டு திட்டினார்கள். தபால்காரர் மட்டும் திட்ட மறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதனால் அவருடைய இடது கன்னத்தில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டது. மூன்று நாள் சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அதன்பிறகு இருட்டு மாடிப்படிகளில் கடிதத்தைக் கன்னத்தருகே பிடித்து விலாசம் படிக்கப் பழகிக்கொண்டார். புகார் எதுவும் கொடுக்கவில்லை. மறுநாள் லேபிள்காரி, லேபிள் உரித்த மெழுகுத்தாளை நாலாக மடித்து டார்ச்சின் பின்பக்கத்துக்கு அடியில் செருகினாள். டார்ச் மூக்கைத் தாழ்த்தியது. வெளிச்சம் சக்கரத்துக்குப் பத்தடி முன்னால் ரோட்டில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே தங்கியது.

கோட்டைப் படிப்பது கஷ்டமாக இல்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் பட்டன் அமுங்கி டார்ச் தானாக மினுக்கும், அங்கெல்லாம் கோடு விட்டுவிட்டுத் தையல் போட்ட மாதிரி இருந்தது. நாய்க்காக ஒதுங்கிய இடத்தில் ஒரு வளைவு. இதிலெல்லாம் யாருக்கும் அக்கறை இல்லை. பாலத்தின் நடுவில், கைப்பிடிச் சுவர் ஓரமாக, சைக்கிளை நிறுத்திய இடத்தில் வெளிச்சம் ஒரு வட்டமாகத் தேங்கியிருந்தது. அதைத்தான் பார்த்தார்கள். கடிகாரக்காரர் நான்காம் நாள் காலை கோட்டின் மேலேயே நடந்து வந்து அந்த வட்டத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நகத்தால் அழுத்தினார், பதியவில்லை. மற்ற இடத்தில் தாள் கனத்துக்கு இருந்த வெளிச்சம் அங்கே அட்டை கனத்துக்கு இருந்தது. நிமிடங்களோடு பிழைப்பு நடத்துகிறவருக்கு அது போதும். தொழிற்சாலைச் சங்கு ஆறரைக்கு ஊதும். சைக்கிளில் இருபத்தாறு நிமிடம். அவள் வீட்டுக்கு வருவது ஏழு மணி ஏழு நிமிடம். ஆறு வருடமாக அந்தப் பதினோரு நிமிடத்துக்குக் காரணம், கேட்டில் பையைச் சோதனை போடுகிறார்கள் என்பதுதான்.

“சோதனைன்னு சொன்னியே” என்றார் சண்டையின் நடுவில்.

“பொய் சொன்னேன்.”

“எதுக்கு?”

“பாலத்துல நின்னேன்னு சொன்னா, யார்கூடன்னு கேப்பீங்க.”

“யார்கூட?”

“பாத்தீங்களா.”

துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனாருக்கு, அதாவது கடிகாரக்காரரின் அக்காவுக்கு, அதற்குமேல் பொறுக்கவில்லை. “ஏம்மா, ஒருத்தி தனியா பத்து நிமிஷம் சும்மா நிப்பாளா? ஆத்துல அப்படி என்னதான் இருக்கு?”

“தண்ணி.”

“நம்ம குழாயில வர்றதும் தண்ணிதான்.”

“குழாயடியில நின்னா ஆளாளுக்கு ஒண்ணு கேக்கறீங்கக்கா. புளி எங்க, சட்டை எங்க, சாவி எங்க. ஆறு ஒண்ணும் கேக்கறதில்ல.”

நாத்தனார் கையிலிருந்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தாள். கடிகாரக்காரர் தீர்ப்புச் சொன்னார். டார்ச்சைக் கழற்ற வேண்டும், கம்பெனி பஸ்ஸில் வர வேண்டும், இல்லையென்றால் வேலைக்கே போக வேண்டாம். அவள், சங்கு ஊதியபின் வருவது தன் வழி, நிற்பது தன் கால் என்றாள். டார்ச்சைக் கழற்றிவிட்டு இருட்டில் வந்தால் ஒரு கோடும் விழாது, யாருக்கும் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். ஒளிந்து நிற்பதற்கு நான் என்ன திருடியா என்று கேட்டாள். மறுநாள் காலை சைக்கிளின் பின்சக்கரத்தில் பூட்டு தொங்கியது. சாவி கடிகாரக் கடையின் இழுப்பறைக்குப் போயிருந்தது.

அவள் டியூப் பட்டையை அவிழ்த்து டார்ச்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே போனாள். சாயங்காலம் நடந்தே வந்தாள், கையில் டார்ச்சோடு. சைக்கிளில் ஒரே கோடாக விழுந்த வெளிச்சம் இப்போது நடக்கிற கையின் வீச்சுக்கு ஏற்றபடி ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அலைந்தது. மரக்கடைச் சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு ஏறியது. மூடிய ஷட்டர்களில் பட்டது. ஓரமாகப் படுத்திருந்த செம்பட்டை நாயின் முதுகில் ஒரு பட்டையாக விழுந்தது. நின்றிருந்த லாரியின் பக்கவாட்டில் பட்டது, அந்த லாரி மறுநாள் வெளிச்சத்தோடு வேறு ஊருக்குச் சரக்கு ஏற்றிப் போனது. பாலத்தில் அவள் வழக்கமான இடத்தில், கல்யாணத்தின்போது கடிகாரக்காரர் கட்டிவிட்ட கைக்கடிகாரத்தைப் பார்த்து, சரியாகப் பதினோரு நிமிடம் நின்றாள். வீட்டுக்கு வந்தபோது எட்டு மணி ஒரு நிமிடம். செருப்பு ஒன்று வார் அறுந்து கையில் இருந்தது.

“பஸ் இருக்குல்ல?” என்றார் கடிகாரக்காரர்.

“இருக்கு” என்றாள்.

ஒன்பது நாள் இப்படி நடந்தாள். ஒன்பதாம் நாள் முடிவில், கோடாக இருந்த வழி ஒரு முழு ரோட்டாகவே ஒளிர்ந்தது. முன்பு அவள் எங்கே போனாள் என்று கோட்டைப் பார்த்துச் சொன்னவர்கள் இப்போது அந்த வெளிச்சத்தில் காய்கறி வாங்கினார்கள். அவளுக்கு இரண்டு குதிகாலும் வெடித்திருந்தது. நாத்தனார் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். பத்தாம் நாள் காலையில் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் சைக்கிள் சாவி தொங்கியது. யார் மாட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

சாலை அலுவலகம் சும்மா இருக்கவில்லை. பொதுச் சாலையில் அனுமதியின்றி வெளிச்சம் இட்டதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. கன்னத்தருகே பிடித்து விலாசம் படித்து அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் அதே தபால்காரர்தான். சாலை ஆய்வாளர் ஆட்களோடு வந்து முதலில் தண்ணீர் அடித்தார், பிறகு டீசல் ஊற்றித் தேய்த்தார், பிறகு மணல் கொட்டினார். கடைசியாகத் தார் போட்டார். தார் சூடாறுவதற்குள் வெளிச்சம் அதன் மேல் ஏறி வந்து படுத்துக்கொண்டது. அவளை அலுவலகத்துக்கு வரச்சொல்லி மேஜைக்கு எதிரே நிற்கவைத்தார்.

“யார் அனுமதியில ரோட்டுல வெளிச்சம் போட்டீங்க?”

“அதுக்கு முன்னாடி இருட்டு கிடந்ததே சார், அது யார் அனுமதியில?”

ஆய்வாளர் கோப்பைப் புரட்டினார். இருட்டுக்கான அனுமதி அதில் இல்லை. அவர் அதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினார், மேலிடம் இன்றுவரை பதில் எழுதவில்லை. ஆனால் தையல் போல விட்டுவிட்டு ஒளிர்ந்த இடங்களை எண்ணி அந்த வருடத்துப் பள்ளங்களின் பட்டியலைத் தயாரித்தார். அலுவலகத்தில் அதைவிடச் சரியான பட்டியல் அதற்கு முன் இருந்ததில்லை.

பாலத்து வட்டம் நாளுக்கு நாள் கனத்தது. முதலில் லேபிள் பிரிவிலிருந்து ஒருத்தி, லேபிள்காரி போனபிறகு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதில் ஏறி நின்றாள். ஐந்து நிமிடம் ஆற்றைப் பார்த்தாள், இறங்கிப் போனாள். மறுவாரம் மூன்று பேர். மூடி போடும் பிரிவிலிருந்தும் வந்தார்கள். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி நோட்டுப் புத்தகக் கட்டைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு நின்றாள். ஒருத்தி நிற்கும்போது அடுத்தவள் பாலத்தின் முனையில் காத்திருப்பாள், இறங்கி வருகிறவளிடம் எதுவும் கேட்கக் கூடாது. அப்படி யாரும் சட்டம் போடவில்லை. நாத்தனார் ஒருநாள் பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் முக்கால் மணி நேரம் கழித்துப் பால் இல்லாமல் வந்தாள். பால் எங்கே என்று தம்பி கேட்டதற்கு, “எல்லாத்துக்கும் உனக்குக் கணக்கு ஒப்பிக்கணுமா?” என்று எரிந்து விழுந்தாள். லேபிள்காரி அடுப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு வருடம் போயிற்று. டியூப் பட்டை எட்டு முறை மாறியது, டார்ச் அதேதான். பஸ் டிரைவர்கள் அந்த ரோட்டுக்கு வந்ததும் முன்விளக்கை அணைத்துவிட்டு ஓட்டினார்கள். சாலை வரைபடத்தில் அந்த வழியை மட்டும் அச்சடிக்காமல் வெள்ளையாக விட்டார்கள். தபால்காரர் ஓய்வு பெற்று, இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். கடிகாரக்காரர் மட்டும் அந்தப் பாலத்தில் கால் வைப்பதில்லை. அக்கரையில் வேலை என்றால் ரயில்வே கேட் வழியாகச் சுற்றிப் போவார், கால் மணி நேரம் வீண் என்று தெரிந்தும். பாலத்தைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் எழுந்துபோய் எல்லாக் கடிகாரங்களுக்கும் சாவி கொடுப்பார். ஏற்கெனவே கொடுத்திருந்தாலும் கொடுப்பார்.

அந்த ஐப்பசியில் தொழிற்சாலைக் கேட்டுக் கடிகாரம் நின்றுபோனது. லேபிள்காரி காய்ச்சலில் விடுப்பில் இருந்தாள். கம்பெனியிலிருந்து கடிகாரக்காரரை வரச்சொன்னார்கள். மழையில் ரயில்வே கேட் பக்கம் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றதால் வேறு வழியில்லாமல் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு அவளுடைய சைக்கிளில் போனார். டார்ச் ஹேண்டில்பாரிலேயே இருந்தது. வேலை முடிந்து சங்கு ஊதும்போது கிளம்பிவிட்டார் என்று லேபிள் பிரிவுப் பெண் போனில் சொன்னாள். ஆறு ஐம்பத்தாறுக்கு லேபிள்காரி போர்வையோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். வீட்டுக்குள் பதினான்கு கடிகாரமும் ஏழு அடித்து ஓய்ந்தன. ஏழு மணி ஏழு நிமிடத்துக்குப் பள்ளிக்கூடச் சுவரோரம் சைக்கிள் திரும்பியது. அவர் இறங்கி, ஸ்டாண்ட் போட்டு, டார்ச்சை அணைத்தார். முகத்தில் மழையின் ஈரம் இருந்தது. சட்டையின் முன்பக்கத்தில், பாலத்துக் கைப்பிடிச் சுவரின் உயரத்துக்கு, ஒரு பாசிக்கறை குறுக்காகப் படிந்திருந்தது. லேபிள்காரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“பதினோரு நிமிஷம் ஜாஸ்தியா இருக்கே. யார்கூட நின்னுட்டிருந்தீங்க?”