இருபத்தொன்பது வருடம், தையல் பிரிவு

பேராசிரியர் பிரெஸ்டன் எல்லரி பீட்சாவோடு வந்திருந்தார். தொழிலாளிகளைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். வேலைநிறுத்த வாக்கெடுப்புக்கு முன்னால் இருபது நிமிடம் கெஞ்சி வாங்கி, சங்கக் கூடத்தில் தன் ஆய்வு முடிவுகளைத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த டோரீன் வஹோவ்ஸ்கி பீட்சாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒஹையோவின் அந்தக் கார் இருக்கைத் தொழிற்சாலையில் தையல் பிரிவுக்குச் சங்கப் பிரதிநிதி அவள்.

வசந்தத்தில் இந்த ஆள் அறுபத்து நான்கு கேள்விகளைக் கொண்டுவந்து நீட்டினார். 'நிறுவனத்தை என் குடும்பமாக உணர்கிறேன்', ஒன்றிலிருந்து ஏழுக்குள் வட்டமிடுக. குடும்பமாம். எந்தக் குடும்பத்தில் கழிப்பறைக்குப் போக மேஸ்திரியிடம் கை தூக்குகிறார்கள்? அலட்சியமாகத்தான் வட்டமிட்டுக்கொண்டே போனாள். 'வேலைநிறுத்தம் வந்தால் கலந்துகொள்வேன்' என்ற இடத்தில் பேனா நின்றது. அவள் கணவன் எட் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவன். வேலைநிறுத்தம் தொடங்கிய அன்றே நிறுவனம் மருத்துவக் காப்பீட்டை வெட்டிவிடும். பெயர்தான் கேட்கவில்லையே என்று, 'மாட்டவே மாட்டேன்' என்று பொருள்படும் ஒன்றை வட்டமிட்டாள். ஒருவரிடமும் சொல்லாததைக் காகிதத்திடம் சொன்னதில் அன்று மனசு லேசாகக்கூட இருந்தது.

"பேரே கேக்கல, அதனால யாரையும் கண்டுபிடிக்க முடியாது," என்றார் பேராசிரியர். "உதாரணத்துக்கு ஒருத்தர். பெண், தையல் பிரிவு, இருபத்தொன்பது வருஷ சர்வீஸ். ஸ்ட்ரைக்ல கலந்துக்கவே மாட்டேன்னு சொல்றாங்க."

அந்தத் தொழிற்சாலையில் ஷிப்ட், விடுமுறை, ஆட்குறைப்பு எல்லாமே வேலைக்குச் சேர்ந்த தேதிப்படிதான். பெற்ற பிள்ளையின் பிறந்தநாளை மறப்பவன்கூட அடுத்த மெஷின்காரன் சேர்ந்த தேதியை மறக்க மாட்டான். தையல் பிரிவில் இருபத்தொன்பது வருடம் ஆனவள் ஒருத்திதான். பதினைந்து வருடமாகத் தொழிலாளர்களைப் படித்த மனிதருக்கு இது தெரியவில்லை. படித்து என்ன கிழித்தாரோ.

"அட்ரஸையும் சேர்த்துப் போட்டிருக்கலாமே புரொஃபசர்," என்றான் பின்வரிசையிலிருந்து ஓட்டிஸ். சிரிப்பு எழுந்து பாதியில் அடங்கியது. விஷயம் புரியாமல் பேராசிரியரும் சிரித்துவைத்தார்.

டோரீன் எழுந்தாள். "நான்தான் அது. இன்சூரன்ஸ் போச்சுன்னா எட் ரெண்டு வாரம் தாங்க மாட்டான். எழுதினது பொய் இல்ல."

"போன வாரம் என் பொண்டாட்டி மாசமா இருக்கா, ஸ்ட்ரைக்னா யோசனையா இருக்குன்னு உன்கிட்ட வந்து சொன்னேன்," என்றான் ஓட்டிஸ். அவன் குரல் உயரவில்லை. "எல்லாரும் இருக்கும்போதே என்னைக் கோழைன்னு சொன்னே. எங்ககிட்ட சொல்ல வாய் வரல, இந்தாளுகிட்ட மட்டும் சொல்லியிருக்கே."

டோரீனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இது ரொம்ப முக்கியமான தரவு," என்று பேராசிரியர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "கொஞ்சம் மெதுவா இன்னொரு தடவை சொல்ல முடியுமா?"

யாரும் அவரை மதிக்கவில்லை. சங்கத் தலைவி மார்ஜ், ப்ரொஜெக்டரின் வயரைப் பிடுங்கிவிட்டு வாக்குப் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். ஓட்டும் சேர்ந்த தேதிப்படிதான். பட்டியலின் முதல் பெயரை, டோரீனின் முகத்தைப் பார்க்காமலே, வாசித்தாள்.

"வஹோவ்ஸ்கி."

டோரீன் சீட்டை வாங்கிக்கொண்டு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனாள். தடுப்பு முழங்கால் வரைதான் மறைத்தது. அதன் கீழே தெரிந்த இரண்டு வேலைச் செருப்புகளைக் கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் அவை அசையவில்லை.