பின்னால் பார்க்கும் மீட்டர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பழைய இரும்புக்கடையில். முத்தையாபுரம் போகிற வழியில், உப்பு லாரி அச்சுகளும் படகு எஞ்சின்களும் குவிந்து கிடக்கிற கடை. நான் போனது ஒரு தண்ணீர்த் தொட்டி வாங்க. மூலையில் எருமை படுத்திருப்பதைப் போல ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. இரண்டு சிலிண்டர், நீட்டி ஒட்டிய சட்டம், தோணிப் பலகையில் செய்த இருக்கை. ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்தில் ஒரு ஹீட் மீட்டர். எஞ்சின் சூட்டைக் காட்டுகிற அந்தக் கருவி பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஓட்டுகிறவனுக்குத் தெரியாத மீட்டர் எதற்கு? கடைக்காரரைக் கேட்டேன்.

"எவனோ கோட்டிக்காரன் திருப்பி மாட்டிட்டான் அண்ணாச்சி. தொட்டி வேணுமா, வேண்டாமா?"

தொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் மீட்டர் மனதைவிட்டுப் போகவில்லை. அவ்வளவு ஒழுங்காகத் திருகாணி போட்டு இறுக்கியவன் பைத்தியக்காரனாக இருக்கமுடியாது. கீழே வருவது முழுக்க அந்தத் திருகாணிகளுக்கு நான் கட்டிய காரணம். உண்மைக் கதையா என்று கேட்டு யாரும் வீட்டுக்கு வரவேண்டாம்.

2

முதல் தொடக்கம்: "அன்று கடல் அமைதியாக —"

விட்டுவிட்டேன். தூத்துக்குடிக் கதை என்றால் கடலில்தான் தொடங்கவேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்?

இரண்டாவது: "மரியானுக்கு இளம் வயதிலேயே எந்திரங்களின் மீது தீராத —"

[இது ஆண்டுமலர்க் கட்டுரை. இங்கேயே நிற்கட்டும்.]

மூன்றாவது, கொஞ்சம் தேறும்: எழுபத்துமூன்றாம் வருஷக் கோடையில், ஆறுமுகநேரி உப்பளங்களுக்குப் பக்கத்தில், மரியானின் மோட்டார் சைக்கிள் ஓட்டத்திலேயே பிடித்துக்கொண்டது. பிஸ்டன் சூட்டில் வீங்கிச் சிலிண்டரைக் கவ்விவிட்டால் பின்சக்கரம் அப்படியே நின்றுபோகும். வண்டி நிற்கும், ஆள் நிற்கமாட்டான். மரியான் பறந்துபோய் உப்புப் பாத்தியில் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான்.

மரியான் துறைமுகத்தில் லாஞ்ச் என்கிற விசைப்படகின் எஞ்சின் ஓட்டுகிறவன். யுத்த காலத்து ராணுவ வண்டி ஒன்றை உடைசலாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு தளவாயின் லேத் பட்டறைக்கு ஓடி, வருஷக்கணக்கில் அதை வளர்த்தவன். தெரு அந்த வண்டிக்கு எருமை என்று பெயர் வைத்தது. அவனும் அப்படியே கூப்பிட்டான்.

"இன்னொரு தடவை விழுந்தா உப்புக்கண்டமாத்தான் வீட்டுக்கு வருவிய" என்றாள் அவன் மனைவி பிலோமி.

3

எருமைக்கு ஏன் சூடு ஏறியது என்பதைத் தளவாய் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இரண்டு சிலிண்டரும் ஒன்றின்பின் ஒன்றாக நிற்கின்றன. "முன்னால நிக்கவனுக்குக் காத்து. பின்னால நிக்கவனுக்கு முன்னால நிக்கவன் முதுகு. பொறவு வேகாம என்ன செய்வான்?"

வைத்தியம் மூன்று விதமாக நடந்தது. எதிர்க்காற்றைப் பிடித்துப் பின் சிலிண்டருக்குத் திருப்பிவிட ஒரு தகர மூக்கு. லாஞ்சில் கழித்துப்போட்ட செம்புக்குழாயைச் சுருளாக வளைத்து, ஆயில் அதற்குள் சுற்றி ஆறிவிட்டு வருகிற மாதிரி ஓர் ஏற்பாடு. அப்புறம் இந்த மீட்டர். உடைத்து விற்ற ஒரு லாஞ்சிலிருந்து வந்தது. சூட்டை உணரும் குமிழ், அதிலிருந்து வரும் மெல்லிய குழாய், முள் ஆடும் முகம், மூன்றும் ஒரே உடம்பு. குழாயை வெட்டவும் கூடாது, ஒட்டவும் கூடாது. உள்ளே இருப்பது ஒழுகினால் மீட்டர் செத்தது. அந்தக் குழாய் குட்டை. பின் சிலிண்டரிலிருந்து ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் வரைக்கும்தான் எட்டியது. முள் தாண்டக்கூடாத இடத்தில், படகுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டால் மரியான் ஒரு கோடு போட்டான்.

* வண்டி வேலை தெரிந்த வாசகர் இந்த இடத்தில் கையைத் தூக்குவார்: பெட்ரோல் டாங்கி மேலே மாட்டலாமே? பெட்ரோல் பக்கத்தில் வேண்டாம் என்று தளவாய் சொல்லிவிட்டார். சரி, உங்களிடம் என்ன மறைக்க? குழாயைக் குட்டையாக்கியது நான். முதல் பிரதியில் குழாய் நீளம், மீட்டர் ஹாண்டில்பாரில். மரியான் தானே பார்த்தான், தானே நிறுத்தினான், தானே கிளம்பினான். ஒருவருக்கும் ஒருவர் வேண்டியிருக்கவில்லை. கதை ஒரு பக்கத்தில் படுத்துவிட்டது.

4

இப்போது பின்னால் யாராவது உட்கார்ந்தாக வேண்டும். சோதனை ஓட்டத்துக்குத் தளவாயை உட்காரவைத்தேன். வாடைக் காற்றுக்கு எதிரே வடக்கே தருவைகுளம் வரைக்கும் போனார்கள். முள் கோட்டுக்குக் கீழேயே நின்றது. காற்று விழுந்த பிறகு மெதுவாகத் திரும்பினார்கள், அப்போதும் ஏறவில்லை. எல்லாம் நல்லபடி நடந்தது. அதுதான் கோளாறு. நல்லபடி நடப்பதை யார் படிப்பார்கள்?

ஆகவே தொம்மையைக் கொண்டுவந்தேன். பிலோமியின் தம்பி. மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைக்கிறவன். மரியானும் அவனும் பேசி வருஷங்கள் ஆகின்றன.

காரணத்தைச் சொல்ல, வேண்டாம் என்று விரட்டிய கடலுக்கே போகவேண்டியிருக்கிறது. முத்துக்குளிக்கிறவன் கயிற்றோடு அடியில் இறங்குவான். மறுமுனையைத் தோணியில் ஒருவன் பிடித்திருப்பான். கீழிருந்து இரண்டு இழுப்பு வந்தால் தூக்கிவிடவேண்டும். அந்தக் கயிற்றை மச்சினன் கையில் கொடுப்பது வழக்கம். கூடப்பிறந்தவளின் தாலியை எவனும் கோட்டைவிடமாட்டான் என்ற நம்பிக்கை. அக்காள் இருக்கிறவரை மச்சான் உறவு என்று கரையில் சொல்கிறார்கள். தோணியில் அக்காளின் வாழ்வே தம்பியின் உள்ளங்கையில் இருந்தது.

அறுபத்தொன்றில் நடந்த முத்துக்குளிப்பில் மரியான் இறங்கினான், தொம்மை கயிறு பிடித்தான். ஒரு தரம் மரியான் தானாகவே உந்திக்கொண்டு மேலே வந்தான். மூக்கிலும் இடது காதிலும் ரத்தம்.

"ரெண்டு இழுப்பு இழுத்தேம்லா" என்றான்.

"எனக்குத் தெரியல மச்சான்" என்றான் தொம்மை.

அதோடு பேச்சு நின்றது. மரியானுக்கு இடது காது போய்விட்டது. அதன்பிறகு கடலில் சிப்பி விளையவுமில்லை, முத்துக்குளிப்பு நடக்கவுமில்லை. இன்னொரு முறை கயிற்றைப் பிடித்துத் தன்னை நிரூபிக்கத் தொம்மைக்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

[யார் சொன்னது உண்மை? எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பீர்கள். தெரியாது. தொம்மைக்கே இப்போது நிச்சயமில்லை. ஆரம்பத்தில், இழுப்பு வரவேயில்லை என்று மாதாமேல் சத்தியம் செய்தான். வரவர, ஐஸ் உடைத்துக்கொண்டிருக்கும்போது நிறுத்திவிட்டு உள்ளங்கையைப் பார்த்துக்கொள்கிறான். ஒருவேளை வந்திருக்குமோ? இந்தக் கேள்வி அவனை அரித்துத் தின்றுகொண்டிருந்தது.]

5

எழுபத்துநாலு ஜனவரியில், மணப்பாட்டில் பிலோமியின் சித்தி மகளுக்குக் கல்யாணம். எருமையில்தான் வருவேன் என்று மரியான் ஒற்றைக்காலில் நின்றான். தளவாய் வீட்டில் பொங்கல், அவர் வரமுடியாது. பிலோமி தம்பியை வீட்டுக்கு வரவழைத்தாள்.

"வண்டியில வாரதுன்னா வாங்க. ஆனா மீட்டரப் பாக்கதுக்குத் தொம்மை பின்னால உக்காரணும். இல்லன்னா எருமைய எடைக்குப் போட்டுருவேன்."

மரியான் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "அவன் வேண்டாம்னு சொல்லு."

தொம்மை வாசலைப் பார்த்துச் சொன்னான்: "நானும் வரலன்னு சொல்லுக்கா."

"ரெண்டு பேரும் ஒரே பேச்சுத்தான பேசுதிய. பொறவென்ன, சேந்தே போங்க."

மரியானுக்கு இடது காது கேளாது. எருமை போடும் சத்தத்தில் வலது காதும் உதவாது. எனவே பிலோமியே ஒரு வழி சொன்னாள்: "முள்ளு செவப்புக் கோட்டத் தொட்டா, தோள்ல ரெண்டு தட்டு தட்டுலே."

சொன்ன பிறகுதான், இரண்டு என்று சொல்லிவிட்டது அவளுக்கு உறைத்தது. மாற்றிச் சொல்ல வாயெடுத்தாள். ஆண்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே விட்டுவிட்டு, மணப்பாட்டுக்குப் பஸ் ஏறப்போனாள்.

6

மறுநாள் காலையில் வாடை நன்றாக வீசியது. தெற்கே போகிறவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் காற்று. "நல்ல காத்து" என்று மரியான் எருமையிடம் சொன்னான். தொம்மையும் மனதுக்குள் ஆமாம் என்றான். கடற்கரையில் பிறந்தவன் வேறென்ன சொல்வான்? பின்காற்று என்றால் பாய்க்குக் கொண்டாட்டம்.

* எருமைக்குப் பாய் கிடையாது, தகர மூக்குதான் இருக்கிறது. எதிர்க்காற்றுதான் அதற்குச் சோறு. பின்காற்றில் அது பட்டினி. உங்களுக்குச் சொல்லிவிட்டேன், அவர்களிடம் சொல்ல எனக்கு வழியில்லை.

முத்தையாபுரம் தாண்டியது, பழையகாயல் தாண்டியது. தொம்மை சாலையையே பார்க்கவில்லை. முள்ளைப் பார்த்தான். எதிரே மரியானின் அகன்ற முதுகு, நடுவில் மீட்டர். ஆத்தூர்ப் பாலத்தில் முள் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. அப்புறம் அரை விரல். கணுக்காலில் சூடு அடித்தது. தொம்மைக்குப் பயமாக இருந்தது. வண்டி பிடித்துவிடும் என்பது பாதிப் பயம். பிடித்துவிட்டால், இந்தத் தடவையும் நீதான் என்று ஊர் சொல்லும் என்பது மீதி.

ஆறுமுகநேரி உப்பளம் தெரிந்தபோது முள் சிவப்பைத் தொட்டது. தொம்மை உடனே, ஒரு கணமும் தாமதிக்காமல், மரியானின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினான்.

வண்டி நிற்கவில்லை.

உணரவில்லையா, நம்பவில்லையா? தோணிப் பலகை இருவர் உடம்பையும் உதறிக்கொண்டிருந்தது. மறுபடி இரண்டு தட்டினான். முள் கோட்டைத் தாண்டியது. தொம்மை இரண்டு கையையும் மரியானின் மார்பில் கோத்து, தண்ணீருக்குள்ளிருந்து ஆளைத் தூக்குகிறவனைப் போலப் பின்னுக்கு இழுத்தான்.

எருமை ஆடி, உறுமி, சாலையோரத்தில் நின்றது. பிஸ்டன் கவ்வவில்லை.

மரியான் இறங்கிவந்து முள்ளைப் பார்த்தான்.

"ஏலே, தட்டவே இல்லையே நீ."

"தட்டினேன் மச்சான். ரெண்டு தட்டு. பொறவும் ரெண்டு."

"எனக்குத் தெரியல" என்றான் மரியான்.

சொல்லிவிட்டு, தோணியில் கேட்ட அதே சொல் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டான்.

7

இந்த இடத்துக்குப் பிறகு எழுதிப்பார்த்த முடிவுகள்:

மரியான் கண்ணீர்விட்டுத் தொம்மையைக் கட்டிக்கொள்கிறான். கிழித்துவிட்டேன். மரியான் அப்படிப்பட்ட ஆளில்லை.

மரியான் தொம்மையை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் பிடித்துப் போய்விடுகிறான். அதையும் கிழித்தேன். எனக்கே அவன்மேல் கோபம் வந்தது.

மரியான் பழக்கதோஷத்தில் "அவன்ட்ட சொல்லு" என்று ஆரம்பித்து, சொல்வதற்குப் பிலோமி இல்லாததால் சுற்றிலும் பார்க்கிறான். உப்புக் குவியல்கள்தான் இருக்கின்றன. இது பிடித்திருந்தது. ஆனால் சொல்லவந்தது என்ன என்று —

மறுபடி இரும்புக்கடைக்குப் போனேன். எருமை அங்கேயேதான் இருந்தது. தோணிப் பலகையைத் தடவிப் பார்த்தேன். ஓட்டுகிறவர் உட்காரும் இடம் எப்படி வழுவழுவென்று தேய்ந்திருந்ததோ, அப்படியே பின்னால் உட்காருகிறவர் இடமும் தேய்ந்திருந்தது. இது நான் கட்டியதில்லை, கண்டது.

சூடேறிய சிலிண்டரில் தண்ணீர் ஊற்றக்கூடாது, விண்டுவிடும். சூடு தானாகத்தான் இறங்கவேண்டும். இருவரும் சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், எருமை அவர்களுக்கு நடுவில். அதுவரை அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. நான் முன்னால் உட்கார்ந்து இந்தக் கதையை ஓட்டிக்கொண்டு வந்தவன், முள் எனக்குத் தெரியாது. பின்னால் இருப்பது நீங்கள். முள் கோட்டுக்குக் கீழே வந்ததும் தோளில் இரண்டு தட்டுத் தட்டுங்கள், கிளம்பலாம். எனக்குத் தெரியாமல் போனால் கோபித்துக்கொள்ளாமல் இன்னொரு முறை தட்டுங்கள்.